எடை கேட்காமல் காசு வாங்காதீர்கள்: ஆன்லைன் நாணய வியாபாரத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

வைஷ்ணோதேவி படம் போட்ட 5 ரூபாய் காசு வீட்டில் இருந்தால் பத்து லட்சம் கிடைக்கும் என்று ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் காசு கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 என்று ஆண்டு போட்டு அடித்தது, பஸ் கண்டக்டர் சில்லறையாகக் கொடுத்த காசுதான். சேகரிக்கிறவர்களிடம் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவே. டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டு, 786 எண் நோட்டு எல்லாம் இதே கதைதான். 786 நோட்டுக்கு விரும்பி வாங்குகிற ஆட்கள் உண்டு, ஆனால் லட்சத்துக்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

இந்த வீடியோக்களின் நோக்கம் உங்கள் காசை வாங்குவது இல்லை, உங்கள் போன் நம்பரை வாங்குவது. நம்பரைக் கொடுத்ததும் ஒருவர் மரியாதையாகக் கூப்பிடுவார், வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்பார், பார்த்துவிட்டு "சார், இது ரொம்ப அரிதான பீஸ்" என்பார். அப்புறம் பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கேட்பார்கள், அதைக் கட்டினால் ஜிஎஸ்டி, அதையும் கட்டினால் ரிசர்வ் வங்கி முத்திரை குத்திய ஒரு கடிதம் வரும், அதற்கு ஒரு "வரி". ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப்பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: பழைய காசு, நோட்டு விற்பனையில் எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது, கமிஷனோ கட்டணமோ நாங்கள் கேட்பதும் இல்லை, எங்கள் பெயரில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுத்ததும் இல்லை என்று. ஆக முதல் விதி இதுதான், காசு விற்கப் போகிறவர் முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. ஏல நிறுவனமோ விற்பனைத் தளமோ கமிஷன் எடுத்தால் காசு விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

சரி, நிஜ வியாபாரத்துக்கு வருவோம்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சேலம் பக்கத்துப் பழைய வீடுகளில் திரும்பத் திரும்ப வெளியே வருகிற காசுகள் சில வகைதான். ஓட்டைக் காலணா, 1943 முதல் 1947 வரை வந்தது, கோடிக்கணக்கில் அடித்த வெண்கலக் காசு. தாமரை போட்ட மஞ்சள் 20 காசு, 1968 முதல் 1971 வரை. இதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஒரு வதந்தி இன்னும் ஓயவில்லை, கிடையாது, செம்பு சேர்ந்த கலப்பு உலோகம்தான். ஆனால் லட்சுமி பூஜைக்கு 108 தாமரைக் காசு என்று செட்டாகத் தேடுகிறவர்கள் நிறைய இருப்பதால் ஒற்றைக் காசாக விற்பதைவிட 108 சேர்த்து விற்றால் சீக்கிரம் போகும். காந்தி நூற்றாண்டுக் காசுகள், நேரு ரூபாய், இவையெல்லாம் அழகு, ஆனால் ஏராளம். இதில் காந்தி 10 ரூபாய் மட்டும் விலக்கு, 1969-ல் வந்த அது 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. தமிழ் ஆர்வத்தில் வாங்குகிறவர்களுக்கு 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் காசு, 2009 அண்ணா 5 ரூபாய் மாதிரியானவை நல்ல தொடக்கம், விலையும் கையைக் கடிக்காது.

இன்னொரு வகை செம்புக் காசுகள். 1792-ல் திப்புவிடமிருந்து கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன நாடு இது, அதனால் யானை போட்ட மைசூர் செம்புக் காசும் கும்பினியின் காசுகளும் இங்கே தென்படுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கும்பினிக் காசு என்றதும் 1808 என்று ஆண்டு போட்ட பத்துக் காசு ஒன்று ஆன்லைனில் நிறையக் கண்ணில் படும், புத்தம் புதிது போல இருக்கும், விலையும் குறைவு. உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். இங்கிலாந்தில் அடித்து மதராஸுக்கு அனுப்பிய சரக்கோடு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரைக்கு அருகிலேயே மூழ்கியது, அதிலிருந்து பின்னாளில் பெரும் குவியலாக எடுத்தார்கள். நிஜக் காசுதான், எண்ணிக்கை அதிகம் என்பதால் மலிவு.

அதே கும்பினி பெயரில் 1818 என்று ஆண்டு போட்டு ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற கனமான செம்புக் காசு இருக்கிறதே, அது முழுக்கக் கட்டுக்கதை. கும்பினி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், காந்த சக்தி உண்டு என்று சொல்லி இதை வைத்து ஒரு பெரிய மோசடியே ஓடுகிறது. அரிசியைக் காசு பக்கத்தில் வைத்து வீடியோ எடுப்பவர்களை விட்டுத் தள்ளிப் போய்விடுவது நல்லது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காசுகளில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள், எந்த நாணயச் சாலையில் அடித்தது என்பதற்கான குறி அங்கே இருக்கும். வைரக் கட்டம் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சின்னப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஆனால் ஒரு நாணயச் சாலையில் அடித்தது மலிவாகவும் இன்னொன்றில் அடித்தது தேடப்படுவதாகவும் இருக்கும். விற்கும்போது இந்தக் குறியைக் குறிப்பிடாமல் விட்டால் விவரம் தெரிந்த ஆள் அமைதியாக வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

வெள்ளி ரூபாய்: இங்கேதான் பணமும் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது

ராணி ரூபாய், ராஜா ரூபாய் என்று நாம் சொல்கிற வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளுக்கு ஒரு நல்ல குணம், எடை மாறாதது. 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாய் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். அரை ரூபாய் 5.83 கிராம். 1940 முதல் 1945 வரை எடை அதே, ஆனால் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல், பின்பக்கம் புலி இருக்கும். இந்த 1947 புலி ரூபாயை "வெள்ளி ரூபாய்" என்று போட்டு விற்கிற பதிவுகளை இன்றைக்கும் பார்க்கலாம். விற்கிறவருக்கே தெரியாமலும் இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் நிக்கல், வெள்ளி ஒட்டாது.

அதனால் ஆன்லைனில் எந்த வெள்ளி ரூபாயைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது "விலை என்ன" இல்லை, "எடை என்ன". தராசின் மேல் காசை வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று வரும், அது இயல்பு. ஒன்பது, பத்து கிராம் என்று வந்தால் பேச்சே வேண்டாம். எடை போட்டோ அனுப்பமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். "தராசு இல்லை சார்" என்பார்கள். கொலுசு ஊரில் இருந்துகொண்டு தராசு இல்லை என்கிறவனை நான் நம்புவதே இல்லை.

அடுத்தது விளிம்பு. விளிம்பில் உள்ள வரிக்கோடுகள் ஒரே சீராக, கூர்மையாக இருக்க வேண்டும். அச்சில் ஊற்றிச் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். எழுத்துக்கும் தரைக்கும் நடுவே சின்னச் சின்னக் குழிகள், மழுங்கிய எழுத்து, சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு, இதெல்லாம் வார்ப்புக் காசின் அடையாளங்கள். விளிம்பின் போட்டோவை யாரும் தானாக அனுப்பமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

காசு கைக்கு வந்த பின் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, காசுக்கு ஒரு கீறலும் விழாது. 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 91.7 சதவீத வெள்ளிக்கு 10.3-ஐ ஒட்டி வரும், அதாவது 11.66 கிராம் ரூபாய் தண்ணீரில் தொங்கும்போது தராசு சுமார் 1.13 காட்டும். பித்தளைக்கு மேல் வெள்ளி முலாம் போட்டது என்றால் அடர்த்தி எட்டரை பக்கம் நிற்கும். காற்றுக் குமிழி காசில் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், லேசாக ஆட்டிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் தெரிந்த வெள்ளிப் பட்டறை இருந்தால் டச், அதாவது வெள்ளி எத்தனை சதவீதம் என்று பார்த்துத் தருவார்கள், அது நமக்கு ஒரு வசதிதான். ஆனால் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லில் உரைப்பது, ஓரத்தில் அரம் போடுவது, வெட்டிப் பார்ப்பது, இதற்கெல்லாம் விடவே விடாதீர்கள். பட்டறைக்காரருக்கு அது வெள்ளி, உருக்கினால் கொலுசு, கீறல் விழுந்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. உங்களுக்கு அது நாணயம், ஒரு உரசலில் சேகரிப்பு மதிப்பு போய் வெள்ளி விலைக்கு இறங்கிவிடும்.

வெள்ளி விலை என்பது அடிமட்டக் கணக்கு, அதை எப்போதும் கையில் வைத்திருங்கள். 1939 வரை அடித்த ஒரு முழு ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அதற்குக் கீழே விற்பது முட்டாள்தனம், அதைவிடப் பாதி விலைக்கு ஒருவர் ஆன்லைனில் "ஒரிஜினல் வெள்ளி ரூபாய்" விற்கிறார் என்றால் அவர் முட்டாளாக இருக்க வாய்ப்பில்லை.

இதற்கு மேல் எந்த ரூபாய்க்குக் கூடுதல் மதிப்பு? வயது பார்த்து முடிவு பண்ணாதீர்கள். 1862 ராணி ரூபாய் கேட்கப் பழசு, ஆனால் அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கு அடையாளமாகக் காசின் மேல் சின்னப் புள்ளிகளை வைத்தார்கள். புள்ளிகள் எங்கே, எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறவர்கள்தான் இதில் அரிதானதைப் பொறுக்குகிறார்கள். மாறாக 1939 ஜார்ஜ் ரூபாய் வயதில் இளசு, கிடைப்பது அரிது, விலையும் பெரிது. அதனாலேயே 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கியதும், மொத்தமாகவே போலியும் சந்தையில் உண்டு. 1911 ரூபாயில் ராஜாவின் உடையில் இருக்கும் சின்ன யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று கலவரமாகி, பெரும்பகுதியைத் திரும்ப உருக்கிவிட்டு 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். வெளியே போன சில லட்சம் தப்பியது. இந்த "பன்றி ரூபாய்" வீட்டில் இருந்தால் அவசரப்படாதீர்கள், லென்ஸ் வைத்து யானையின் தும்பிக்கையைப் பாருங்கள்.

இந்த மாதிரி விலை உயர்ந்த காசு என்றால் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் மூடிக் கொடுத்ததை வாங்குவது பாதுகாப்பு. உறையையும் போலியாகச் செய்கிறார்கள், அதனால் உறை மேல் இருக்கிற எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வருகிற விவரமும் படமும் கையில் இருக்கும் காசோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்க் காசுக்கு இந்த உறையெல்லாம் தேவையில்லை, உறைச் செலவே காசின் விலையைத் தின்றுவிடும்.

விலை எங்கே பார்ப்பது

ஒரு காசுக்கு யாரோ ஐம்பதாயிரம் என்று போட்டிருக்கிறார் என்பது விலை இல்லை, அது அவருடைய ஆசை. விற்று முடிந்த விலைதான் விலை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டலாம், இந்தியாவுக்கான தனித் தளத்தை அவர்கள் 2018-ல் மூடிவிட்டாலும் உலகத் தளத்தில் பார்க்க முடிகிறது. டோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ், கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்ற இந்திய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் முடிவு விலையைத் தளத்தில் வைத்திருக்கிறார்கள், அதைப் படிப்பது பெரிய படிப்பு. நியூமிஸ்டா தளம் காசை அடையாளம் காண, எடை, விட்டம், உலோகம் சரிபார்க்க இலவசம், தினமும் திறக்க வேண்டி வரும்.

விலை ஒப்பிடும்போது தரத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். தேய்ந்த காசு, ஓரளவு தேய்ந்தது, கிட்டத்தட்டப் புதுசு, புழங்காத யூஎன்சி, இவற்றுக்கு நடுவே விலை இரண்டு மடங்கு மூன்று மடங்கு இல்லை, சில காசுகளில் இருபது மடங்கு வித்தியாசம்கூட வரும். யூஎன்சி விலையைப் பார்த்துவிட்டு, தாத்தா இடுப்பு முடிச்சில் நாற்பது வருடம் இருந்த ரூபாய்க்கு அதே விலை கேட்டு உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள்.

நினைவு நாணயங்களைப் பொறுத்தவரை, 100 ரூபாய், 150 ரூபாய் என்று வருகிற, சேகரிப்பவர்களுக்காகவே பளபளப்பாக அடிக்கிற புரூஃப் செட்டுகளை அரசு நாணயச் சாலையின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்து வாங்கலாம். தபாலில் வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை இல்லாதவர்கள்தான் முகநூலில் இரட்டை விலை கொடுக்கிறார்கள். கையில் வந்ததும் விலை ஏறிவிடும் என்று கணக்குப் போட்டு வாங்குவதற்கு நான் ஆதரவு இல்லை. பிடித்திருந்தால் வாங்குங்கள், போதும்.

வாங்கும் இடமும் ஆளும்

முகநூல் குழுக்களும் வாட்ஸ்அப் ஏலங்களும்தான் நம் ஆட்களிடம் அதிகம் ஓடுகின்றன. அதில் பாதுகாப்பு என்பது ஆளைப் பொறுத்தது. குழுவில் அவர் எத்தனை வருடமாக இருக்கிறார், அவர் பதிவுகளுக்குக் கீழே வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், போலி என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுத்தில் சொல்கிறாரா, இதைப் பாருங்கள். போட்டோ அவர் எடுத்ததுதானா என்று சந்தேகம் வந்தால், காசுக்குப் பக்கத்தில் இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி வைத்துப் படம் கேளுங்கள். ஏலத்தில் கடைசி நிமிடத்தில் வீம்புக்கு ஏற்றுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள், அதைத் தாண்டினால் போனை வேறு அறையில் வையுங்கள்.

ஏல நிறுவனங்களில் ஏலம் முடிகிற விலையோடு, அதாவது சுத்தியல் விலையோடு, வாங்குபவர் கமிஷன், ஜிஎஸ்டி, தபால் செலவு எல்லாம் சேரும். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், நூறு ரூபாய் என்று நினைத்தது கையில் வரும்போது நூறாக இருக்காது.

தவறாக அச்சடித்த காசு என்று ஒரு தனி உலகம் உண்டு. ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அதே படம் குழியாகத் திரும்பியும் இருக்கும் புரோக்கேஜ், நடுவிலிருந்து விலகி அடித்தது, இதெல்லாம் நிஜமாகவே தேடப்படுகிறது. பட்டறையில் இரண்டு காசை வைத்துச் சுத்தியலால் அடித்தாலும் இதே மாதிரி ஒன்று கிடைக்கும், அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

விற்கும் முன்னால் தேய்க்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. புளி போட்டுத் தேய்ப்பது, சபீனா, சாம்பல், டூத் பேஸ்ட், எலுமிச்சை, எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு வேறு, காசு வேறு. வெள்ளிக் காசின் மேல் பல வருடத்தில் படிகிற கருமையையும் நிறத்தையும் சேகரிப்பாளர் விரும்பி வாங்குகிறார், தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை லென்ஸில் பார்த்தால் ஆயிரம் மயிரிழைக் கீறல்கள் தெரியும், விலை அங்கேயே விழும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல், துணியில் ஒற்றி எடுங்கள்.

வைப்பதும் முக்கியம். ஏற்காட்டில் வீடு இருக்கிறவர்களுக்கு இது கூடுதல் தலைவலி, மூடுபனியும் ஈரமும் இருக்கிற இடத்தில் செம்புக் காசு ஒரு மழைக்காலத்தில் களிம்பு பூத்துவிடும். அட்டையில் ஜன்னல் வைத்த ஹோல்டரோ மூடிய கேப்ஸ்யூலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். மலிவான பிவிசி ஆல்பம் கீழே சேலத்து வெயிலிலேயே பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து காசைக் கெடுக்கும். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் ரேகை பதிந்தால் நாளாக அது கறையாகிவிடும்.

போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். காலையில் திண்ணையிலோ ஜன்னல் பக்கமோ நேர் வெயில் படாத வெளிச்சத்தில், பின்னால் வெறும் வெள்ளைத் தாளோ கறுப்புத் துணியோ விரித்து, கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தராசில் வைத்தது, இந்த நான்கும் இருந்தால் கேள்வி பாதி குறையும். பதிவில் ஆண்டு, மதிப்பு, நாணயச் சாலை, உலோகம், எடை, குறை எதுவானாலும் அதுவும். ஓட்டை போட்டு அடைத்ததா, தாலிக் கயிற்றில் கோக்க வளையம் பற்றவைத்து எடுத்ததா, நம் ஊரில் இப்படி நிறைய இருக்கும், மறைத்தால் எப்படியும் திரும்பித்தான் வரும். "மிக அரிது", "அவசர விற்பனை", "தாத்தா காலத்துப் புதையல்" என்றெல்லாம் எழுதாதீர்கள். புதையல் என்ற சொல் வேறு வம்பு.

சட்டம்

வம்பு என்று ஏன் சொன்னேன் என்றால், நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசு உங்கள் காசு இல்லை. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். போர்வெல் போடும்போது கிடைத்தது என்று பெருமையாகப் பதிவு போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை இந்தியாவுக்கு வெளியே அனுப்பக் கூடாது, தொழிலாக விற்பதற்கு உரிமம் வேண்டும். அதனால் வெளிநாட்டுத் தளத்தில் ராணி ரூபாயை ஏற்றி, அமெரிக்காவில் யாரோ கேட்கிறார் என்று பார்சல் கட்டாதீர்கள், வீட்டில் இருக்கிற ஒன்றிரண்டு காசாக இருந்தாலும் சரி.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டும் சேர்த்து விற்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 2017-ல் வந்த சட்டப்படி அந்த நோட்டுகள் பத்துக்கு மேல் வைத்திருந்தாலே குற்றம், ஆய்வுக்கும் நாணயச் சேகரிப்புக்கும் என்றால் இருபத்தைந்து வரை. கட்டுக்கட்டாக வாங்குவேன் என்கிறவன் எந்த ஆள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பணமும் பார்சலும்

பணம் வாங்க யுபிஐ பின் போடத் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வரமுடியாது, க்யூஆர் அனுப்புகிறேன் ஸ்கேன் செய்யுங்கள் என்று அடையாள அட்டைப் படத்தோடு வருபவனைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம், இருந்தும் வாரத்துக்கு ஒருவர் மாட்டுகிறார். பணம் வந்ததா என்பதை ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நம்பாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள், பிறகு பார்சல் கட்டுங்கள். வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் நேரில் சந்திப்பது எளிது, புது பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில், பகலில். பையில் தராசு இருக்கட்டும்.

தபாலில் அனுப்புவதானால் பல கூரியர் நிறுவனங்களின் தடைப் பட்டியலில் நாணயமும் நகையும் பணமும் இருக்கும், விதியைப் படிக்காமல் ஒப்படைத்துவிட்டுத் தொலைந்தால் இழப்பீடு கேட்க முடியாது. அஞ்சலகத்தில் இன்சூரன்ஸ் சேர்த்து அனுப்பலாம், கவுண்டரில் உள்ளே இருப்பது நாணயம் என்று சொல்லியே கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காசை ஹோல்டரில் வைத்து, இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே டேப் ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்டுங்கள். கவரின் மேல் "நாணயம்", "வெள்ளி" என்று எழுதி வழிப்பறிக்கு வழிகாட்ட வேண்டாம். மூடும்போது தராசில் காசின் எடை தெரிகிற மாதிரி ஒரே ஓட்டத்தில் வீடியோ எடுத்து வையுங்கள்.

வாங்குகிறவரும் அதேபோல, கவர் பிரிக்கும் முன்பிருந்தே வெட்டாமல் வீடியோ எடுங்கள், காசு வெளியே வந்ததும் நேராகத் தராசில். எடை விளம்பரத்தில் சொன்னதோடு பொருந்தவில்லை என்றால் அந்த வீடியோவோடு அன்றைக்கே விற்றவருக்கு எழுதுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்துவிடும். தளத்தின் மூலம் பணம் கட்டியிருந்தால் அதன் புகார்ப் பகுதியில் கெடு முடிவதற்குள் பதிவு செய்யுங்கள். பணமே பறிபோயிருந்தால் முகநூல் குழுவில் திட்டி எழுதுவதற்கு முன்னால் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், அவருடைய போன் நம்பர், வாட்ஸ்அப் பேச்சு, இவற்றை அழிக்காமல் வைத்திருங்கள், சைபர் கிரைம் தளத்தில் புகார் எழுதும்போது அதைத்தான் கேட்பார்கள்.